தெருவுக்கு மரக்கட்டை பாவியது ஏன்?

கேள்வி இது: "லண்டன், பாரிஸ், சிகாகோ மாதிரி பெரிய நகரங்களில் ஒரு காலத்தில் தெருவுக்கே மரக்கட்டை பாவியிருந்தார்கள் என்று படித்தேன். உண்மையா? மழைக்கு மக்காதா? தீப்பிடிக்காதா? கல் கிடைக்காமலா மரத்துக்குப் போனார்கள்?"

உண்மைதான். ஏதோ ஒரு சந்தில் செய்து பார்த்த விளையாட்டும் இல்லை. லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு தெரு, பாரிஸின் ஷான்ஸ் எலிசே, பீட்டர்ஸ்பர்கின் நெவ்ஸ்கி பெருந்தெரு, வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூ என்று அந்தந்த ஊருக்கே முகமாக இருந்த தெருக்கள் மரத்தின் மேல் ஓடின. 1830-களில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் வரை நீண்ட கதை இது.

முதலில் ஒரு தவறான படத்தைக் கலைத்துவிடுகிறேன். மரத்தெரு என்றதும் பலகை விரித்த தரைதான் பலருக்கு மனதில் வரும். பலகைச் சாலைகளும் அமெரிக்காவில் இருந்தன. அது வேறு சமாச்சாரம். இங்கே பேசுவது செங்கல் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டைகளைப் பற்றி. அவற்றைப் படுக்கவைக்கவில்லை. மரத்தின் நார் செங்குத்தாக நிற்கும்படி, வெட்டுமுகம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்திவைத்தார்கள்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்டால், உங்கள் தெருக்கோடிக் கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். கறி வெட்டும் புளியமரக் கட்டை அடிமரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த வட்டம். வெட்டுமுகம் மேலே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். கத்தி நாரை அறுக்காது, நாருக்கு நடுவே இறங்கி வெளியே வரும். அதனால் நாள் முழுக்க வெட்டு வாங்கியும் கட்டை நிற்கிறது. அதே இடத்தில் பலகையைப் போட்டால் சில நாளில் சிம்பு சிம்பாகக் கிளம்பிவிடும். தெருவிலும் இதே கணக்குதான். கத்திக்குப் பதில் குதிரையின் லாடம், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை.

கல் கிடைக்காமலா என்றால், இல்லை. லண்டனில் கருங்கல் பாவிய தெருக்கள் ஏராளம். அந்தக் கல்தான் பிரச்சினை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நகரம் என்பது குதிரைகளின் நகரம். ஆயிரக்கணக்கான இரும்பு லாடங்களும் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்களும் விடிந்தது முதல் நள்ளிரவு வரை கருங்கல் மேல் ஓடினால் எப்படி இருக்கும்? ரப்பர் டயருக்குப் பழகிய நம் காதால் அதைக் கற்பனை செய்வது கஷ்டம். கடைக்குள் நிற்பவர் வாடிக்கையாளரிடம் கத்தித்தான் பேச வேண்டும். வசதியான வீட்டில் யாராவது நோயில் படுத்தால், வாசல் முன்னால் தெருவில் வைக்கோலைக் கனமாகப் பரப்பிச் சத்தத்தை அடக்கும் வழக்கமே இருந்தது. மரக்கட்டை என்பது ஒரு வகையில் தெருவுக்கு நிரந்தரமாகப் போட்ட வைக்கோல். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், தேவாலயம் இருக்கும் தெருக்களுக்கும் விலை உயர்ந்த கடைவீதிகளுக்கும் மரம் முதலில் போனது இதனால்தான். சரக்கு வண்டி போகும் துறைமுகத் தெருவுக்குக் கருங்கல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் குதிரையின் கால். தேய்ந்து வழவழப்பான கருங்கல்லில் லாடம் வழுக்கும். பாரத்தோடு விழும் குதிரைக்கு முட்டி உடைந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. உரிமையாளருக்குப் பெரிய நஷ்டம். லண்டன் நகரின் சாலைகளைக் கவனித்த பொறியாளர் வில்லியம் ஹேவுட் 1870-களில் இதைக் கணக்கெடுத்தார். ஒரு குதிரை சராசரியாக எத்தனை மைல் நடந்தால் ஒரு முறை விழுகிறது? கருங்கல்லில் 132 மைல், அஸ்பால்ட் என்ற தார்த்தளத்தில் 191 மைல், மரத்தில் 300 மைலுக்கு மேல். விழுந்தாலும் மரத்தில் எழுந்து நிற்பது குதிரைக்குச் சுலபம். ஆனால் பிற்பாடு அமெரிக்க நகரங்களில் இதே மாதிரி எடுத்த கணக்கில் மரம் கடைசி இடத்துக்குப் போனது. எந்த மரம், எப்படிப் பாவியது, எவ்வளவு சுத்தமாக வைத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியது. இந்தக் கதை முழுக்க அப்படித்தான். 'மரத்தெரு நல்லதா கெட்டதா' என்று ஒரே வரியில் கேட்டால் பதில் கிடையாது.

தொடக்கம் ரஷ்யாவில். குர்யேவ் என்பவர் அறுகோணக் கட்டைகளைத் தேன்கூடு மாதிரி இணைத்துப் பாவும் முறையைக் கண்டுபிடித்து, 1832-இல் நெவ்ஸ்கி பெருந்தெருவில் போட்டுக் காட்டினார். காடு நிறைந்த நாடு, மரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த யோசனை சில ஆண்டுகளில் மேற்கே போனது. 1830-களின் கடைசியில் லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் ஓல்ட் பெய்லி பக்கத்திலும் சோதனை போட்டார்கள். நகரமே இதைப் பற்றிப் பேசியது. செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றி மரம் பாவலாமா என்று குருமார்கள் யோசித்தபோது, அவர்களில் ஒருவரும் நக்கலுக்குப் பேர்போனவருமான சிட்னி ஸ்மித், "நாம் எல்லோரும் தலையை ஒன்றாகச் சேர்த்துவைத்தால் போதும், வேலை முடிந்துவிடும்" என்றாராம். மரமண்டை என்ற சொல் நம்மிடமும் இருப்பதால் இதற்கு உரை தேவையில்லை.

அந்த முதல் லண்டன் முயற்சி தோற்றது. அடித்தளம் சரியில்லாததால் கட்டைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இறங்கின, ஈரத்தில் வழுக்கின, மக்கின. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவற்றைப் பெயர்த்து எடுத்தார்கள்.

அடுத்த காட்சி அமெரிக்காவில். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த ஆள் பாஸ்டன்காரரான சாமுவேல் நிக்கல்சன். அவருடைய முறை இப்படி: அடியில் தாரில் தோய்த்த பலகை, அதன்மேல் வரிசை வரிசையாகக் கட்டைகள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே, கட்டையைவிடக் குட்டையான ஒரு மரச்சட்டம். அதனால் குறுக்கே ஒரு பள்ளம் விழும். அதில் சரளையையும் கொதிக்கும் தாரையும் கொட்டி இடித்து இறுக்குவார்கள். குதிரையின் லாடத்துக்கு அந்தக் கோடு பிடிமானம். தண்ணீர் கீழே இறங்காமல் தார் தடுக்கும்.

1848-இல் பாஸ்டனில் மில் டாம் என்ற சுங்கச் சாலையில், ஏறத்தாழ 75 அடி நீளத்துக்குச் சொந்தச் செலவில் இதைப் பாவினார். அந்தச் சாலையை வைத்திருந்த நிறுவனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பாவிவிட்டு என்ன செய்தார்? ஏறக்குறைய தினமும் அங்கே வந்தார். மேலே நடந்து பார்ப்பார், கைத்தடியால் தட்டிப் பார்ப்பார், சுங்கச்சாவடிக்காரரிடம் "வண்டிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று விசாரிப்பார். ஆறு ஆண்டு இப்படிப் பார்த்த பிறகுதான், 1854-இல் காப்புரிமை வாங்கினார்.

இந்த ஆறு ஆண்டுப் பொறுமையே பிறகு வழக்காக வந்து நின்றது. நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் இதே முறையில் தெரு போட்டார்கள். காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு சொன்னது: கண்டுபிடித்ததை இத்தனை ஆண்டுகள் பொதுச் சாலையில் ஊரே பயன்படுத்த விட்டுவிட்டு அப்புறம் காப்புரிமை கேட்டால் செல்லாது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி பிராட்லி எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: சாலை தாங்குமா என்பதைப் பூட்டிய அறைக்குள் சோதிக்க முடியாது, குதிரையும் வண்டியும் பல ஆண்டு ஓடித்தான் தெரியும், அதனால் இது பொதுப் பயன்பாடு அல்ல, சோதனை. சுங்கச்சாவடிக்காரரின் சாட்சியமும் அந்தக் கைத்தடியும் வழக்கைத் தாங்கி நின்றன. மரத்தெரு மறைந்தாலும், காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த 75 அடியைப் படிக்காமல் தாண்ட முடியாது. ஒரு வேடிக்கை: தோற்ற பிறகும் எலிசபெத் நகரம் காசு கட்டவில்லை. காப்புரிமையை மீறியதால் நகரத்துக்கு லாபம் ஏதும் இல்லை, லாபம் பார்த்தது தெரு போட்ட நிறுவனம்தான். அதுவே கொடுக்கட்டும் என்றது நீதிமன்றம்.

நிக்கல்சன் முறை சிகாகோவுக்கு 1856-இல் போனது; வெல்ஸ் தெருவில் முதலில் போட்டார்கள். சதுப்பில் எழும்பிய ஊர் அது. கல்லை இறக்கினால் சேற்றில் அமிழும். மிச்சிகன் ஏரி வழியாகக் கப்பல் கப்பலாக மரம் வந்து குவியும் சந்தையும் அதுவே. 1871-இல் அங்கே 57 மைல் நீளத்துக்கு மரத்தெரு இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 8 இரவு பிடித்த தீ, 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்களை விழுங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

உங்கள் 'தீப்பிடிக்காதா' என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. மரத்தெருதான் ஊரை எரித்தது என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். தீயைக் கடத்தியதில் மர வீடுகள், மரக் கூரைகள், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர நடைபாதைகள் ஆகியவற்றுக்குத்தான் பெரிய பங்கு. நடைபாதைப் பலகைக்குக் கீழே வெற்றிடம். காற்று தாராளமாகப் போகும், விறகடுப்பு மாதிரி. தெருவில் பாவிய கட்டைகளோ நெருக்கமாக நின்றன, அடியில் காற்று இல்லை, மேலே சரளையும் மண்ணும் குதிரை லத்தியும் படிந்து இறுகிய தோல். மேல்முகம் கருகியதே தவிர, தெருவில் பெரும்பகுதி தப்பியது. இடிபாட்டை அள்ளிய வண்டிகள் அதன் மேலேயே ஓடின. தனிக் கட்டை அடுப்பில் நன்றாக எரியும், தரையில் இறுக்கிப் பதித்த கட்டை எளிதில் எரியாது. இந்த வித்தியாசம் பின்னால் மறுபடி வரும்.

மரத்தெருவைக் கொன்றது தீயைவிட ஈரமும் அவசரமும்தான். அதற்கு வாஷிங்டன் போதும். 1871-இல் அந்நகரின் பொதுப்பணி வாரியத்தைக் கையில் எடுத்தார் அலெக்சாண்டர் ஷெப்பர்ட். ஊர் அவரை 'பாஸ்' என்றுதான் அழைத்தது. சேறும் சகதியுமாகக் கிடந்த தலைநகரத்தை மூன்றே ஆண்டில் நவீன நகரமாக்கிவிட வேண்டும் என்ற வெறி. மைல் கணக்கில் மரம் பாவினார்கள். காயாத பச்சை மரம், ஒப்புக்குப் போட்ட அடித்தளம், கூட்டம் கூட்டமாக ஒப்பந்தக்காரர்கள். சில ஆண்டுகளிலேயே தெருக்கள் மக்கிப் பள்ளமாயின. கடன் கழுத்தை நெரிக்க, 1874-இல் நாடாளுமன்றம் அந்த ஆட்சி அமைப்பையே கலைத்தது. பென்சில்வேனியா அவென்யூவில் ஊர்வலம், கேளிக்கை என்று 1871-இல் விழா எடுத்துக் கொண்டாடிய மரத்தெருவை 1876 வாக்கில் பெயர்த்துவிட்டு அஸ்பால்ட் போட்டார்கள். அமெரிக்காவில் அஸ்பால்ட்டின் ஏற்றத்துக்கு அந்தத் தெரு ஒரு பெரிய விளம்பரமாக அமைந்தது. ஐந்தே ஆண்டு! நம்மூரில் போட்ட ஆறு மாதத்தில் பல்லிளிக்கும் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் இருக்காது.

சிகாகோவும் பிற்பாடு இதே குழியில் விழுந்தது. சதுரமாக அறுத்த கட்டைக்குச் செலவு அதிகம் என்று, சிடார் கம்பங்களை உருளை உருளையாக வெட்டி அப்படியே நட்டார்கள். உருளையின் வெளிவட்டம் வைரம் பாயாத மென்மரம். அதுதான் முதலில் மக்கும், முதலில் தேயும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு கட்டையும் நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமுமாகி, வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும்.

லண்டன் பாடம் கற்றது. 1870-களில் மரம் அங்கே திரும்பி வந்தபோது, கீழே ஏறத்தாழ அரையடிக் கனத்துக்குக் கான்கிரீட். தெருவைத் தாங்குவது கான்கிரீட். மரம் அதன்மேல் தேய்வதற்கென்றே போட்ட செருப்பு. ஏறத்தாழ 9 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 5 அல்லது 6 அங்குல உயரத்தில் கட்டைகள். தேய்ந்துபோனால் மரத்தை மட்டும் மாற்றினால் போதும். தரமான மரத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாரா, காரி என்ற வைரமான மரங்களைக் கப்பலில் இறக்கினார்கள். சிட்னி, மெல்போர்ன் நகரங்களும் தங்கள் காட்டு மரத்தைத் தங்கள் தெருவுக்கே போட்டுக்கொண்டன. பைன் மாதிரி மென்மரமாக இருந்தால் கிரியோசோட்டில் ஊறவைப்பது வழக்கம். அது நிலக்கரித் தாரிலிருந்து காய்ச்சி எடுக்கும் எண்ணெய். ரயில் தண்டவாளத்தின் பழைய மரக்கட்டைகளில் அடிக்கும் அந்தக் காட்டமான வாசனை அதுவே.

பாவிய பிறகும் ஒரு வேலை உண்டு. கூர்மையான பொடிச் சரளையைத் தெருவில் தூவிவிடுவார்கள். சக்கரங்கள் அதை மரத்தின் வெட்டுமுகத்துக்குள் அழுத்தி இறக்கும். நாருக்கு நடுவே கல் பல் முளைத்த மாதிரி ஆகி, மேல்முகம் இறுகும், வழுக்கலும் குறையும்.

ஆனால் மரம் உறிஞ்சும். நார் செங்குத்தாக நிற்பதன் மறுபக்கம் இது. நாரின் நுண்குழல்கள் எல்லாம் வாய் திறந்து மேலே பார்க்கின்றன. மேலே நிற்பதோ குதிரைகள். கோடையில் மரத்தெருவிலிருந்து கிளம்பும் மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும் என்று புகார் ஓயவில்லை. கழுவக் கழுவ ஈரம், ஈரத்தில் மரம் ஊதும். உலர்ந்த கட்டைகளை நெருக்கிப் பாவிவிட்டால், அடைமழையில் தெருவே உப்பி ஓரக்கல்லைத் தள்ளிவிடும், இல்லாவிட்டால் நடுவில் கூரை மாதிரி எழும்பும். அதற்காகவே ஓரத்தில் இடைவெளி விட்டு, களிமண்ணோ மணலோ நிரப்பி வைத்தார்கள்.

உப்புவதைவிடப் பெரிய வினை மிதப்பது. 1910 ஜனவரி 28 அன்று பாரிஸில் சேன் ஆறு 8.62 மீட்டர் உயரத்தைத் தொட்டது. தெருவில் புகுந்த தண்ணீர் கட்டைகளைக் கிளப்பிவிட, பாரிஸின் தெருக்கள் பாரிஸின் தெருக்களிலேயே மிதந்து போயின. லெனின்கிராடு என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்ட பீட்டர்ஸ்பர்கிலும் 1924 செப்டம்பர் 23 வெள்ளத்தில் இதே கதி. நெவ்ஸ்கியின் கட்டைகள் கூட்டமாக மிதந்தன. நூறாண்டு நெருங்கிய அந்த வழக்கம் அங்கே அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

மற்ற நகரங்களில் முடிவு கட்டியது மோட்டார் வண்டி. ரப்பர் டயருக்கு ஈர மரம் எண்ணெய் தடவிய தரை. சைக்கிள்காரர்களுக்கு இன்னும் மோசம். மரத்தின் பெரிய வரமான அமைதியோ, டயர் வந்த பிறகு எந்தத் தரையிலும் இலவசமாகக் கிடைத்தது. குதிரை போனதும் மரத்துக்கு வாதாட ஆளில்லை. அஸ்பால்ட் மலிவு, போடுவதும் சீக்கிரம். 1930-களில் சிட்னியும் பாரிஸும் பெயர்க்கத் தொடங்கின. லண்டனில் 1950-கள் வரை ஆங்காங்கே கிடந்தது.

பெயர்த்த கட்டைகள் எங்கே போயின? அடுப்புக்கு. பல ஆண்டு தாரும் கிரியோசோட்டும் குடித்த கட்டை, தனியே எடுத்துவிட்டால் எப்படி எரியும் என்று சொல்ல வேண்டுமா? நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்த போர்க்காலத்திலும் அதன் பிறகும், தெரு தோண்டும் இடத்துக்குத் தள்ளுவண்டியோடும் குழந்தை வண்டியோடும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள் லண்டன்வாசிகள். ஒரே தொல்லை, முன்னே சொன்ன அந்தச் சரளைப் பற்கள். சூட்டில் அவை பட்டென்று தெறித்து அறைக்குள் பறக்கும். அடுப்பின் முன்னால் கம்பி வலை வைக்காவிட்டால் விரிப்பில் ஓட்டைதான்.

இன்று பார்க்க வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும். லண்டனில் செக்கர் தெருவில் ஒரு துண்டு இருக்கிறது. பழைய சில சாக்கடை மூடிகளின் கட்டங்களுக்குள்ளும் மரத்தைப் பார்க்கலாம், தெருவைப் பெயர்த்தவர்கள் மூடியை விட்டுவிட்டார்கள். சிகாகோவில் 1909-இல் பாவிய ஒரு சந்து, பேராயர் மாளிகையின் பின்புறம், 2011-இல் புதுப்பிக்கப்பட்டது. பிட்ஸ்பர்கில் ராஸ்லின் பிளேஸ் என்ற முட்டுச்சந்து 1914 முதல் மரம்தான். தெருவில் தோற்ற இதே கட்டை தொழிற்சாலைக்குள் நெடுங்காலம் வாழ்ந்தது. கனமான கருவி கை தவறி விழுந்தால் உடையாது, நாள் முழுக்க நிற்பவரின் கால் வலிக்காது, மழையும் இல்லை.

எனக்குப் போய்ப் பார்க்க ஆசையுள்ள இடம் கியூபாவின் ஹவானா. ஸ்பானிய ஆளுநர்களின் பழைய அரண்மனைக்கு முன்னால், ஆயுதச் சதுக்கத்தின் ஓரத்தில், அந்த வாசல் அளவுக்கு மட்டும் மரம் பாவியிருக்கிறது. சுற்றியுள்ள தெருவெல்லாம் கல். ஆளுநரின் மதியத் தூக்கத்தை வண்டிச் சத்தம் கெடுக்கக் கூடாது என்று போட்டதாக ஊரில் கதை சொல்கிறார்கள்.